தேருக்கு வழிவிட்ட கம்பம்

வின்டர்தூர் ரயில் நிலையத்துக்குப் பின்பக்கமாக, தண்டவாளத்தில் முட்டி நின்றுவிடுகிற ஒரு தெரு இருக்கிறது. அதன் கடைசிக் கட்டடத்தில்தான் அக்காவின் கடை. அவர் என் சொந்த அக்கா இல்லை. முருங்கைக்காயும் மரவள்ளிக்கிழங்கும் வாங்க வருகிற எல்லாருக்கும் அவர் அக்கா. அவரைவிட மூத்தவர்கள்கூட, பொரித்த ரோல்ஸ் சூடாக வேண்டும் என்றால், அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முன்பக்கம் பலசரக்கு, பின்பக்கம் ஒரு சின்னக் குசினி. பின்னேரம் கொத்துரொட்டி கொத்துகிற சத்தம் கேட்டால், மேல்மாடியில் இருக்கிற போர்த்துக்கேயர் ஜன்னலைத் திறப்பார். பக்கத்து வீட்டுக்கார அம்மா ஜன்னலைச் சாத்துவார்.

நான் அந்தக் கடை வாசலில் நின்று வளர்ந்தவன். பள்ளிக்கூடம் என்னோடு ஒத்துப்போகவில்லை. பெயின்ட் அடிக்கிற தொழில் பழக விட்டார்கள். இங்கே அப்படித் தொழில் பழகுவதை லேர என்பார்கள். அதை ஒரு சுவர் பாதி அடித்த நிலையில் விட்டுவிட்டு வந்தேன். அந்தச் சுவர் இன்னும் அப்படியே இருப்பதாகச் சொல்கிறார்கள். பிறகு ஒரு மரக்கறிக் களஞ்சியத்தில் விடிகாலை வேலை. அது மத்தியானத்தோடு முடிந்துவிடும். மிச்சப் பொழுதில் வருகிற போகிற ஆட்களைச் சீண்டுவதுதான் என் உண்மையான உத்தியோகம். அதில் எனக்கு யாரும் பயிற்சி தரவில்லை. கைவசம் இருந்தது.

ஊரில் சண்டை முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்த காலம் அது. அதற்கு முன்னர் எங்கள் ஆண்களுக்குக் கூட்டம் கூடக் காரணம் குறைவில்லாமல் இருந்தது. பிறகு அதைப் பற்றிப் பேசினால் தாங்காது என்று எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். கதிரை அடுக்கவும் மைக்கைத் தட்டிப் பார்க்கவும் நன்றியுரை சொல்லவும் தெரிந்த ஒரு தலைமுறையே ஞாயிற்றுக்கிழமைகளில் கையைப் பிசைந்துகொண்டு நின்றது. அந்த நேரத்தில்தான் ஒரு நாள் காலை கடையைச் சுற்றிக் கம்பங்கள் முளைத்தன.

இந்த நாட்டில் ஒரு கட்டடம் கட்டுவதற்கு முதல், அது எங்கே எவ்வளவு உயரத்தில் வரும் என்று மூலைக்கு மூலை கம்பம் நட்டுக் காட்ட வேண்டும். கம்பத்தின் உச்சியில் கூரை போகிற பக்கத்துக்கு ஒரு சட்டத்தைச் சரித்து அடித்திருப்பார்கள். கொஞ்ச நாள் அப்படியே நிற்கும். பிடிக்காதவர்கள் அதற்குள் ஆட்சேபனை சொல்லலாம். பெண் பார்க்கிற மாதிரித்தான். பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்ல இடம் இருக்கிறது. ஆனால் அந்தச் சொல்லை யார் சொல்லலாம் என்பதில்தான் எல்லாக் கரைச்சலும்.

இது எதுவும் அன்று காலை எங்களுக்குத் தெரியாது. தலைவர் அண்ணை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். எதற்குத் தலைவர் என்று கேட்டால் பதில் நீளும். அந்த வருஷம் கோயில் தேர்க் குழுவுக்குத் தலைவர். ரயில் பெட்டி கழுவுகிற வேலை. வேலையுடுப்புக்கு மேலே கோட்டைப் போட்டுக்கொண்டுதான் கடைக்கு வருவார்.

"உது அன்ரெனா," என்றார். "போன் கொம்பனிக்காரன் ஒருத்தருக்கும் சொல்லாமல் வைச்சிருக்கிறான். இனி எல்லாருக்கும் தலையிடிதான்."

"ஒரு கடைக்கு ஆறு அன்ரெனாவோ அண்ணை?"

"நீ லேர முடிச்சனியே, என்னோடை கதைக்க?"

"முடிக்கேல்லை அண்ணை. ஆறுமட்டும் எண்ணப் பழக்கிப்போட்டுத்தான் விட்டவங்கள்."

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். "என்னடா நடக்குது இங்கை?"

"உங்கட கடைக்கு மேலை மாடி வரப்போகுது அக்கா," என்றேன். "மொட்டை மாடியிலை நீச்சல் குளம். நீங்கள் லிஃப்ட்டிலை ஏறி இறங்கி ரோல்ஸ் விக்கலாம்."

அக்கா என்னை நம்பவில்லை. தெரு நம்பியது. அடுத்த நாளே ஒரு மாமி வந்து, குளத்தில் பெண்களுக்குத் தனி நேரம் உண்டோ என்று கேட்டார். நான் வியாழக்கிழமை என்றேன்.

உண்மையைச் சொல்ல, கட்டடத்தின் சொந்தக்காரர் பக்கத்திலிருந்து கழுத்தில் சால்வை சுற்றிய ஒரு மனிதர் நேரிலே வந்தார். சொந்தக்காரர் என்பது ஓர் ஆள் இல்லை, ஒரு பென்சன் நிதி. வேலை செய்கிற ஆட்களின் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்து, அதைக் கட்டடங்களில் போட்டு, வயது போனபிறகு திருப்பிக் கொடுக்கிற நிறுவனம். பழைய கட்டடத்தை இடித்துவிட்டு, ரயில் நிலையத்துப் பக்கமெல்லாம் புதிதாக்குகிற திட்டத்தோடு சேர்த்து ஐந்து மாடி கட்டப் போகிறார்கள். அடுத்த வசந்தத்துக்குள் கடை காலியாக வேண்டும். சால்வைக்காரர் அதை மிக மரியாதையாகச் சொன்னார். போகும்போது இரண்டு வடையும் வாங்கிக்கொண்டு போனார்.

தலைவர் அண்ணையின் பென்சனும் அதே நிதியில்தான் இருந்தது. அதை நான்தான் கண்டுபிடித்துச் சொன்னேன், ஆட்கள் நிறைந்து நின்ற ஒரு சனிக்கிழமை பார்த்து.

"அண்ணை, கடையை இடிக்கிறது நீங்கள்தான்."

"விசர்க் கதை கதையாதை."

"உங்கட காசிலைதான் கட்டினம். வாடகை கூடினால் உங்கட பென்சனும் கூடும். நாளைக்கு நீங்கள் அந்த மாடியிலை வாடகைக்கு இருந்தால், உங்களுக்கு நீங்களே வாடகை கட்டலாம்."

அன்றைக்குத் தலைவர் அண்ணை ரோல்ஸ் சாப்பிடவில்லை. கட்டடம் வந்தால் பென்சன் எவ்வளவு கூடும் என்று அவர் மனம் கணக்குப் பார்த்ததை முகத்திலேயே பார்த்தேன். பிறகு அதற்காக அவர் வெட்கப்பட்டதையும் பார்த்தேன். இரண்டுக்கும் நடுவில் அதிக இடைவெளி இருக்கவில்லை.

அக்காவுக்கு இது பகிடி இல்லை. ஆஸ்பத்திரியில் கூட்டித் துடைத்து, முழங்கால் போய், அதற்குப் பிறகு தொடங்கிய கடை அது. கம்பம் வந்த வாரத்திலிருந்தே வேறு இடம் தேடத் தொடங்கினார். நான்தான் கூடப் போய்க் கதைப்பேன். எல்லா இடத்திலும் ஒரே மாதிரித்தான் நடந்தது. பலசரக்குக் கடை என்றால் தலையாட்டுவார்கள். சின்னக் குசினி என்றால் யோசிப்பார்கள். அதில் பொரிக்கிறதும் உண்டோ என்று கேட்பார்கள். உண்டு என்றதும் அந்த இடம் நேற்றே இன்னொருவருக்குப் போய்விட்டதாக ஞாபகம் வந்துவிடும்.

"பொரிக்கிறதில்லை எண்டு சொல்லுவமோ அக்கா?"

"சொல்லிப்போட்டு? ரோல்ஸை அவிச்சு விக்கிறதோ?" என்றார். பிறகு பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு, என்னைப் பார்க்காமலே சொன்னார். "இந்த இடம் போனால் கடையும் போச்சுது. திரும்பவும் அந்த வாளியைத் தூக்கிக்கொண்டு நான் போக மாட்டன்."

நான் அன்று ஒன்றும் சீண்டவில்லை. பஸ் வந்தது, ஏறினோம்.

திட்டத்தை விளக்க ஒரு பின்னேரம் பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். எங்கள் ஆண்களுக்குப் பல வருஷங்களுக்குப் பிறகு இஸ்திரி போட்ட சேர்ட் தேவைப்பட்டது. முன்வரிசையை எங்கள் ஆட்களே நிரப்பினார்கள். கதிரைகள் வளைந்து நிற்பதாகச் சொல்லி இரண்டு பேர் அவற்றை மறுபடியும் அடுக்கினார்கள். சால்வைக்காரர் திரையில் படங்கள் காட்டினார். புதுக் கட்டடம், அதற்கு முன்னால் ஆட்கள் நடக்கிறார்கள். எல்லாரும் ஒல்லி, எல்லாரும் வெள்ளை, எல்லாருக்கும் லீவு. ஒரு பிள்ளை பலூன் வைத்திருக்கிறது. ஒரு கறுப்பு நாய் நிற்கிறது.

"எங்கட ஆள் ஒருத்தர் நிக்கிறார்," என்று நாயைக் காட்டித் தலைவர் அண்ணையின் காதுக்குள் சொன்னேன். அவர் முழங்கையால் இடித்தார்.

அக்காவின் கடை இருக்க வேண்டிய இடத்தில், படத்தில், ஒரு பெண் மிகச் சின்னக் கோப்பையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். அக்கா கையை உயர்த்தி, தன் ஜெர்மனில், "என் கடை எங்கே?" என்று கேட்டார். சால்வைக்காரர் சிரித்து, தரைத்தளம் உயிர்த்துடிப்புள்ள ஒரு பொது இடமாக இருக்கும் என்றார்.

"இப்ப என்ன, செத்துப்போயோ கிடக்கு?" என்று அக்கா தமிழில் கேட்டார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

அடுத்துத் தலைவர் அண்ணை எழும்பினார். கேள்வி கேட்கத்தான் எழும்பினார் என்று நினைத்தோம். அவர் கடையை இடிக்க வேண்டாம் என்று கேட்க ஒரு பேச்சு எழுதி வைத்திருந்ததும் உண்மை. ஆனால் கையில் மைக் வந்தவுடன் பழக்கம் முந்திக்கொண்டது. தலைமை தாங்குபவருக்கு வணக்கம், வந்திருப்பவர்களுக்கு வணக்கம், எங்களை வரவேற்ற இந்த நாட்டுக்கு நன்றி, மண்டபம் தந்த பள்ளிக்கூடத்துக்கு நன்றி. நன்றி சொல்லிச் சொல்லியே அவருக்கு ஒதுக்கிய நேரம் முடிந்துவிட்டது. பிறகு ஒரு பையிலிருந்து பொன்னாடையை எடுத்தார். சிறப்பு விருந்தினருக்குப் போர்த்தாமல் வீட்டுக்கு வர எங்கள் ஆட்களால் முடியாது. ஏற்கெனவே சால்வை சுற்றியிருந்த மனிதர் இன்னொரு சால்வையோடு நின்றார். அவருக்குக் கண் கலங்கியது. மண்டபம் கைதட்டியது. யாரோ படம் எடுத்தார்கள்.

வெளியே வந்ததும் அக்கா கேட்டார். "அண்ணை, என்ரை கடையை இடிக்கிற ஆளுக்கோ பொன்னாடை போத்தினனீங்கள்?"

"பிள்ளை, அது ஒரு பண்பாடு."

"பண்பாடெல்லாம் சரி. ஆனா அந்தாள் நாங்கள் சம்மதம் எண்டெல்லோ நினைச்சுக்கொண்டு போறார்."

அப்படித்தான் அவர் நினைத்துக்கொண்டு போனார்.

கடைசி வழியாக இருந்தது பக்கத்து வீட்டு அம்மா. அவரை நான் பல்கனி அம்மா என்று சொல்வேன். ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். மாலை வெயில் அவருடைய பல்கனியில் விழும் நேரத்தில் ஒரு கதிரை, ஒரு புத்தகம், ஒரு கிளாஸ் வெள்ளை வைனோடு வந்து உட்காருவார். வெயில் போனதும் எழும்பிப் போவார். வீடு சொந்த வீடு என்பதால், அவர் ஆட்சேபனை சொன்னால் அதற்கு எடை இருந்தது. வாடகைக்கு இருக்கிற நாங்கள் சொல்வது காற்றில் போய்விடும். அக்காவும் நானும் தேங்காய்ப்பாலில் செய்த வட்டிலப்பம் கொண்டுபோய் மணி அடித்தோம்.

பல்கனி அம்மா எங்களைக் கதவடியிலேயே வைத்துக் கேட்டார். தான் கம்பங்களைப் பார்த்து, தன் வெயிலுக்கு ஒன்றும் ஆகாது என்று நிச்சயப்படுத்திக்கொண்டதாகச் சொன்னார். சட்டப்படி எல்லாம் சரி என்றார். பிறகு மூக்கை ஒரு தரம் சுருக்கி, கறிவேப்பிலை தாளிக்கிற மணம் தன் திரைச்சீலைகளில் இத்தனை வருஷமாக ஏறிக்கிடப்பதையும் சொன்னார். வட்டிலப்பத்தை வாங்கிக்கொண்டார். கதவை மெதுவாகச் சாத்தினார்.

"நல்ல மனுசி," என்றேன்.

"வாயை மூடிக்கொண்டு வா," என்றார் அக்கா.

அதற்குள் தேர்த் திருவிழா வந்துவிட்டது. எங்கள் கோயில் தண்டவாளத்தோரம் ஒரு பழைய தொழிற்சாலைக் கொட்டகையில் இருக்கிறது. தேர் அங்கிருந்து வந்து, தெரு முடிகிற இடத்தில், கடைக்கு முன்னால் உள்ள வெளியில் திரும்பிப் போகும். திரும்ப வேறு இடமே இல்லை. அந்த வெளியின் ஓரத்தில், பல்கனி அம்மாவின் வேலிப் பக்கமாக, ஒரு கம்பம் நின்றது. தார் போட்ட நிலம் என்பதால் அதை நடாமல், இரும்புக்கால் வைத்துக் கொங்கிரீட் கட்டிகளால் அமத்தி நிறுத்தியிருந்தார்கள். தேரின் அகலத்தைப் பிடித்துப் பார்த்தோம். போகாது.

இந்தக் கம்பங்களில் கைவைக்கக் கூடாது என்பது சட்டம். அதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் தேர் நிற்காது.

"ஒரு நாள்தானே," என்றார் தலைவர் அண்ணை. "தள்ளி வைச்சுப்போட்டுப் பிறகு அதே இடத்திலை வைப்பம். ஆர் பாக்கப் போறான்?"

"அதே இடம் எண்டு எப்பிடித் தெரியும் அண்ணை?"

"அடையாளம் வைக்கிறதுதான்."

கோடு போடச் சோக்கட்டி இல்லை. அக்கா கடையிலிருந்து மஞ்சள் தூளை எடுத்துவந்து, தண்ணீரில் குழைத்து, இரும்புக்கால் நின்ற இடத்தைச் சுற்றி வட்டம் போட்டார். தேர் இழுக்கிற பெடியள் உச்சியில் இரண்டு கயிறு கட்டி நாலு பக்கமும் பிடித்துக்கொண்டார்கள். அந்த அலுமினியக் கம்பம் அசையாமல், சாயாமல், சாமி எழுந்தருளுவதுபோல நகர்ந்தது. யாரோ அரோகரா சொன்னார்கள். ஒரு வயதான அம்மா கம்பத்தைப் பார்த்துக் கும்பிட்டார். நானும் ஒரு கயிற்றில் தொங்கிக்கொண்டுதான் இருந்தேன். கட்டப்போகிற ஐந்து மாடியின் ஒரு மூலையை வேட்டியோடு இழுத்துக்கொண்டு போகிற பாக்கியம் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

தேர் நன்றாகத் திரும்பியது. தேங்காய் உடைத்தார்கள். வெயிலும் இருந்தது, மோரும் இருந்தது.

பிழை அதற்குப் பிறகுதான் வந்தது. அது எங்கள் ஆட்களைத் தவிர உலகத்தில் வேறு யாரும் விடக்கூடிய பிழை இல்லை. வெள்ளைக்காரர் ஒரு குறை சொல்லிவிடக் கூடாது என்பதுதான் தேர்க் குழுவின் முதலாவது விதி. சாமிக்குரிய விதிகள் எல்லாம் அதற்குப் பிறகு. போன வருஷம் யாரோ ஒருவர் தேங்காய்த் துண்டொன்றில் வழுக்கியதாக ஒரு கதை. அதனால் தேர் போய் முடியுமுன்னே தலைவர் அண்ணை தண்ணீர் அடிக்கக் குழாயைப் பூட்டிவிட்டார். ரயில் பெட்டி கழுவுகிற கை. விளக்குமாறு, சவர்க்காரத் தூள், தூரிகை எல்லாம் வந்தன. பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம், போட்டி போட்டுக்கொண்டு தேய்த்தார்கள். அந்தத் தார் நிலம் போட்ட நாளில்கூட அவ்வளவு கறுப்பாக இருந்திருக்காது.

கம்பத்தைத் திரும்ப வைக்க நாங்கள் வந்தபோது மஞ்சள் வட்டத்தைக் காணவில்லை.

"ஆர் கழுவினது?" என்றார் தலைவர் அண்ணை.

"நீங்கள்தான் அண்ணை. உந்த மூலை சரியாய்ப் போகேல்லை எண்டு இரண்டாந்தரமும் தேய்ச்சனீங்கள்."

ஒருவர் இங்கே என்றார். ஒருவர் அங்கே என்றார். மூன்றாமவர், தான் அந்தக் கம்பத்தில் சாய்ந்துதான் மோர் குடித்ததாகவும், அப்போது பல்கனி அம்மாவின் பேரி மரம் தன் இடது தோளுக்கு நேரே இருந்ததாகவும் சொன்னார். அவர் மோர் குடித்தது கம்பத்தை நகர்த்திய பிறகா முதலா என்று கேட்டேன். அவரை யோசிக்க விட்டுவிட்டுத் தலைவர் அண்ணை முடிவெடுத்தார். "சாமி திரும்பின இடத்துக்கு நேரை வையுங்கோ. அது பிழைக்காது."

வைத்தோம். கட்டிகளை அடுக்கினோம். உச்சியில் இருந்த சரிந்த சட்டம் பல்கனி அம்மாவின் பல்கனியை நேராகப் பார்த்தது. எனக்கு என்னவோ முதலில் அப்படிப் பார்க்கவில்லை என்று தோன்றியது. சொன்னேன். நான் சொன்னால் யாரும் நம்புவதில்லை. நீச்சல் குளம் அதற்கு ஒரு காரணம்.

திங்கட்கிழமை மாலை வெயில் வந்தது. பல்கனி அம்மா கதிரையோடு வந்தார். வைன் கிளாஸைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டே கம்பத்தைப் பார்த்தார். வரப்போகிற கட்டடம் வெயிலை விழுங்கிக்கொண்டு அவருடைய பேரி மரத்தின் கொப்புவரைக்கும் வந்து நின்றது. உட்காரவே இல்லை. உள்ளே போய்ச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கீழே இறங்கினார்.

எங்கள் ஆண்கள் கூட்டம் போட்டு, பேச்சு எழுதி, பொன்னாடை போர்த்திச் செய்யாததை அந்த மனுசி ஒரே வாரத்தில் செய்தார். வீடு வீடாகப் போய் மணி அடித்தார். வழக்கறிஞர் ஒருவர் அவருடைய பழைய மாணவர். பயந்துகொண்டு வந்து நின்றார். ஆட்கள் கூடிக் கதைக்க அவருடைய வீட்டில் இடம் காணாது, அதனால் அக்காவின் கடையில் கூடினார்கள். சனிக்கிழமை பின்னேரம் பல்கனி அம்மா முருங்கைக்காய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கட்டளை போட்டுக்கொண்டிருந்தார். முதல் நாள் தேத்தண்ணி மட்டும் குடித்தார். அடுத்த தடவை ரோல்ஸ் ஒன்றைக் கத்தியும் முள்ளும் கேட்டு வெட்டிச் சாப்பிட்டார். மூன்றாவது தடவை கையால்.

"ஏமாற்றுகிறார்கள்," என்றார் எங்களிடம். "கூட்டத்தில் ஓர் இடம் காட்டிவிட்டுப் பிறகு களவாகத் தள்ளி வைத்திருக்கிறார்கள். இந்த நாட்டில் இப்படி நடக்கும் என்று நான் நினைக்கவே இல்லை."

தலைவர் அண்ணை உருளைக்கிழங்குச் சாக்கை ஆராய்ந்துகொண்டு நின்றார். பல்கனி அம்மா போனபிறகு குரலைத் தாழ்த்தி, "பாத்தியளோ, நான் ஒரு திட்டத்தோடைதான் அதிலை வைப்பிச்சனான்," என்றார்.

"சாமி திரும்பின இடமெண்டெல்லோ சொன்னனீங்கள்?"

"சாமியும் நானும் சேந்து."

நிலம் அளக்கிறவர் வந்து கம்பங்களைச் சரிபார்ப்பார் என்று அறிவித்தல் வந்தது. ஆட்சேபனைக்காரர் எல்லாரும் அன்று வந்து நிற்பதென்று பல்கனி அம்மா ஏற்பாடு செய்திருந்தார். அதற்கு முதல் நாள் அக்கா குசினியில் இருந்து என்னைக் கூப்பிட்டார்.

"அந்த மனுசிக்குச் சொல்லிப்போடுவம்."

"என்னத்தை?"

"கம்பம் எப்பிடி வந்ததெண்டு. நாளைக்கு எல்லாருக்கும் முன்னாலை நிண்டு அந்தச் சால்வைக்காரரைக் கள்ளன் எண்டு கத்தப் போறா. பிறகு உண்மை தெரிஞ்சால் மனுசி எங்கை முகத்தை வைக்கிறது? என்ரை கடையிலை இருந்து சாப்பிட்ட மனுசி."

"அக்கா, சொன்னால் கடை போயிடும்."

"போனால் போகுது எண்டு நான் சொல்லேல்லை. சொல்லுவம் எண்டுதான் சொன்னனான்."

அக்காவின் ஜெர்மனுக்கு அந்தக் கதை பெரிது. அதனால் என்னை மொழிபெயர்க்கச் சொன்னார். பல்கனி அம்மா முருங்கைக்காய்ப் பெட்டியடியில் உட்கார்ந்திருந்தார். அக்கா தமிழில் சொன்னார்: தேர் வந்தது, இடம் காணாது, தூக்கி வைத்தோம், அடையாளம் அழிந்துபோச்சுது, பிழையாய் வைச்சிட்டம். நான் ஜெர்மனில் சொன்னேன்: தேர் நாளில் பலமான காற்று வீசியது.

"டேய்," என்றார் அக்கா. "நான் காத்தெண்டு சொல்லேல்லை. ஆஸ்பத்திரியிலை நான் ஜன்னல் துடைக்கேக்கை காத்து வருகுது, சாத்து எண்டு கத்துவினம். அந்தச் சொல் எனக்குத் தெரியும்."

முதலிலிருந்து சொன்னேன். காற்றை எடுத்துவிட்டுச் சொன்னேன். மஞ்சள் வட்டத்தைச் சொன்னேன், குழாயைச் சொன்னேன். பல்கனி அம்மா அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு, கையில் இருந்த துணியைப் பிழிந்தார். அதில் தண்ணீரே இருக்கவில்லை.

"தெருவைக் கழுவியது நீங்களா?" என்று கேட்டார் பல்கனி அம்மா.

"ஓம்," என்றார் அக்கா, தமிழிலேயே.

"நகரசபைதான் கடைசியில் தன் வேலையைச் செய்திருக்கிறது என்று நினைத்து அவர்களுக்குப் பாராட்டு எழுதிவிட்டேன்."

எழும்பிப் போய்விட்டார். தேத்தண்ணி பாதி இருந்தது. அக்கா அதை ஊற்றாமல் அப்படியே மேசையில் விட்டுவிட்டு உள்ளே போனார். அன்று கொத்துரொட்டி கிடையாது என்று வந்த ஆட்களைத் திருப்பி அனுப்பினேன்.

மறுநாள் நிலம் அளக்கிறவர் மூன்றுகால் கருவியை வைத்துப் பார்த்தார். கம்பம் பிழை என்றார். கம்பம் வைத்த நிறுவனத்து ஆள், பலமான காற்றாக இருக்கலாம் என்றார். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை. பல்கனி அம்மா யாரையும் கள்ளன் என்று சொல்லவில்லை. கம்பம் பிழையான இடத்தில் நின்றதால் எல்லாவற்றையும் முதலில் இருந்து அறிவிக்க வேண்டும், ஆட்சேபனைக் காலமும் புதிதாகத் தொடங்கும் என்று மட்டும், வகுப்பில் சொல்வதுபோலச் சொன்னார். சால்வைக்காரர் தலையாட்டினார். கம்பம் திரும்பவும் பழைய இடத்துக்குப் போனது. மாலை வெயில் பல்கனிக்கு வந்துவிட்டது.

அதோடு அந்த மனுசி விலகிவிடுவார் என்று நினைத்தோம். எங்களுக்கு இந்த நாட்டைத் தெரியாது. இங்கே ஒரு ஃபைலைத் திறந்தால் அதை வெறுமனே மூட முடியாது, அது அவமானம். கையெழுத்துப் போட அயலவர்கள் பலர் ஒவ்வொருவராக அவருடைய வீட்டுக்கு முதல் முறையாக வந்து போயிருந்தார்கள். கேக் செய்து வைத்திருந்தார். சனிக்கிழமை அவர் கடைக்கு வந்து, பாதியில் விட்ட தேத்தண்ணியைக் கேட்பதுபோல அதே இடத்தில் உட்கார்ந்தார்.

"புதுக் கட்டடத்தின் நிழல் என் பேரி மரத்தில் விழுகிறது," என்றார். "இது உண்மையாகவே விழுகிறது. ஆட்சேபிக்கப் போகிறேன்."

"அப்போது கடை?" என்று நான் கேட்டேன்.

"கடை இங்கேயே இருக்க வேண்டும். இவர்கள் வேறு இடத்துக்குப் போனால் இங்கே ஒரு காப்பிக் கடை வரும். இசை போடுவார்கள்." மூக்கை ஒரு தரம் சுருக்கினார். "புதுக் கட்டடம் என்றால், குசினிப் புகையைக் கூரைக்கு மேலே கொண்டுபோகிற ஒரு குழாயும் கேட்கலாம். பழைய கட்டடத்தில் அதை வைக்க முடியாது என்று எனக்கு எத்தனை தரம் பதில் எழுதினார்கள்."

நான் அக்காவுக்கு மொழிபெயர்த்தேன். அக்கா பல்கனி அம்மாவுக்கு முன்னால் புதுத் தேத்தண்ணி ஒன்றை வைத்தார். "அப்ப மனுசிக்கு என்னிலை பாசமில்லை."

"இல்லை அக்கா. திரைச்சீலையிலைதான்."

"நல்லது. பாசமெண்டால் இண்டைக்கு இருக்கும், நாளைக்கு இராது. திரைச்சீலை எண்டால் நிலைக்கும்."

பேரம் கடையிலேயே நடந்தது. சால்வைக்காரர் வந்து உட்கார்ந்தார். பேரி மரத்து ஆட்சேபனையை விலக்கிக்கொள்வது, அதற்குப் பதிலாகத் தரைத்தளத்தில் அக்காவுக்குக் குசினியோடு கடை, கூரைவரைக்கும் புகைக்குழாய், கட்டி முடியும்வரை தண்டவாளத்தோரம் ஒரு கொண்டெய்னரில் கடையை நடத்தலாம் என்று முடிந்தது. இந்த நாட்டில் எல்லாரும் அப்படித்தான் முடிப்பார்களாம். கையெழுத்துப் போட்ட அன்று தலைவர் அண்ணை பையோடு வந்துவிட்டார். பல்கனி அம்மாவுக்குப் பொன்னாடை போர்த்தினார். அவர் அதை உடனே கழற்றி, துணியைத் தடவிப் பார்த்து, இது எத்தனை டிகிரியில் கழுவலாம் என்று கேட்டார்.

பிறகு ஒரு நாள் சால்வைக்காரர் திருத்திய படத்தைக் கொண்டுவந்து மேசையில் விரித்தார். ஆண்கள் எல்லாரும் தலையை நீட்டினார்கள். ஒல்லியான ஆட்கள், பலூன், நாய் எல்லாம் அப்படியே. நாய்க்குப் பக்கத்தில் புதிதாக ஒரு மண்ணிற மனிதன், கோட் போட்டு, நடந்துகொண்டிருந்தான்.

"உது நான்தான்," என்றார் தலைவர் அண்ணை.

"முடி கூடக் கிடக்கே அண்ணை."

"கட்டி முடிய முளைச்சிடும்."

அக்கா மனிதனையும் பார்க்கவில்லை, நாயையும் பார்க்கவில்லை. காப்பி குடித்த பெண் உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு கடை முகப்பு வரைந்திருந்தது. அதன் மேலே புகைக்குழாய் கூரைவரைக்கும் போனது. அக்கா விரலால் அந்தக் குழாயைக் கீழிருந்து மேலே ஒரு தரம் தடவினார். பிறகு விரலைக் கீழே கொண்டுவந்து கதவில் வைத்தார். குனிந்து பார்த்தார்.

"இந்தக் கதவு காணாது," என்றார். "அரிசி வண்டில் இதுக்குள்ளாலை போகாது."

நான் மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை. பல்கனி அம்மா ஏற்கெனவே மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார்.